கோதுமையை நிறுத்துவதற்கு முன் ரத்தம் கொடுங்கள்: சத்து ஒட்டாத குடலுக்கு என்னென்ன டெஸ்ட், எந்த வரிசையில்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கணவருக்கு 36 வயது, சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், டெல்லிக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, வீடு மயூர் விஹாரில். எட்டு மாதமாக வயிறு சரியில்லை, தினம் நாலைந்து தடவை போகிறது, எடை 9 கிலோ இறங்கிவிட்டது, ஹீமோகுளோபின் 8.8. மூன்று மாதம் இரும்பு மாத்திரை போட்டும் ஏறவில்லை. குடல் டாக்டர் 'சாப்பிடுவது உடம்பில் சேரவில்லை போலிருக்கிறது' என்று சொல்லி ஒரு பக்கம் நிறைய டெஸ்ட் எழுதியிருக்கிறார். லேபில் கேட்டால் இதோடு 'ஃபுல் பாடி பேக்கேஜ்' எடுத்தால் தள்ளுபடி என்கிறார்கள். ஊரிலிருந்து மாமியார், கோதுமையை நிறுத்திவிட்டுக் கஞ்சி கொடு, தானாகச் சரியாகும் என்கிறார். எல்லா டெஸ்ட்டும் வேண்டுமா, எதில் ஆரம்பிப்பது, கோதுமையை நிறுத்தலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். நிறுத்தாதீர்கள். இப்போதைக்கு நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மாமியார் சொல்வது கடைசியில் சரியாகவே இருக்கலாம், ஆனால் ரத்தமும் பயாப்ஸியும் (குடலிலிருந்து துளிச் சதை எடுத்துப் பார்ப்பது) எடுப்பதற்கு முன்னால் அதைச் செய்தால் அது சரியா தப்பா என்று கண்டுபிடிக்கவே வழியில்லாமல் போய்விடும். நான் டாக்டர் இல்லை, இதே டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பயோகெமிஸ்ட்ரி பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சிகிச்சையை உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார். எந்த டெஸ்ட் எதைச் சொல்லும், எது எப்போது பொய் சொல்லும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

சாப்பாடு உடம்பில் சேராமல் போவதற்கு மூன்று இடங்களில் கோளாறு இருக்கலாம். ஒன்று, செரிமானமே நடக்கவில்லை: கணையத்திலிருந்து என்சைம் வரவில்லை, அல்லது பித்தம் வரவில்லை. இரண்டு, செரித்து வந்ததை உறிஞ்சும் சிறுகுடலின் உள்தோல் கெட்டுப்போயிருக்கிறது, அந்த விரல் மாதிரியான குடலுறிஞ்சிகள் தேய்ந்துவிட்டன. மூன்று, உறிஞ்சுவதற்குள் வேறு யாரோ தின்றுவிடுகிறார்கள்: பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது, அல்லது ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, புழு. டாக்டர் எழுதிய பட்டியல் நீளமாகத் தெரிவதற்குக் காரணம் இந்த மூன்றுக்கும் தனித்தனி டெஸ்ட் என்பதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதல் சுற்று ரத்தமும் மலமும், இரண்டாவது எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது), மற்றவை அதில் பதில் கிடைக்காவிட்டால்தான். முதல் சுற்றிலேயே பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் ரத்த ரிப்போர்ட்டையே இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் 8.8 என்பதில் மட்டும் எல்லாரும் கண்ணை வைக்கிறார்கள். அதற்குக் கீழே எம்சிவி 86, ஆர்டிடபிள்யூ 22 என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. இரும்பு குறைந்தால் அணு சிறிதாகும், பி12 அல்லது ஃபோலேட் குறைந்தால் பெரிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால்? சிறியதும் பெரியதும் கலந்து சராசரி 86 என்று சாதுவாக, நார்மலாக வந்து நிற்கும். ஆனால் அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்பதைக் காட்டும் ஆர்டிடபிள்யூ மாட்டிக்கொடுத்துவிடும். வழக்கமாக அது 14, 15-க்குள் இருக்க வேண்டும். 22 என்றால் இரண்டு வகைக் குறைபாடும் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். மூன்று மாதம் வெறும் இரும்பை மட்டும் போட்டு ஏறாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு விஷயம், இது ஓர் ஆண். மாதவிலக்கு என்ற சமாதானம் இங்கே கிடையாது. ஆணுக்கு இவ்வளவு இரும்புக் குறைவு என்றால் எங்கேயோ ரத்தம் ஒழுகுகிறது, இல்லை உள்ளே போவது சேரவில்லை. காரணம் தெரியாமல் மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பது நேரத்தை வீணாக்குவதுதான்.

அடுத்து, எந்தெந்தச் சத்து குறைகிறது என்பதை வைத்தே குடலில் எந்த இடம் கெட்டிருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். இரும்பு இரைப்பையை அடுத்த டியோடினத்தில் உறிஞ்சப்படுகிறது. ஃபோலேட் அதற்கும் அடுத்து, சிறுகுடலின் மேல்பகுதியில். பி12 மட்டும் கடைசிவரை பயணம் செய்து, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் கோடியில்தான் உள்ளே போகும். இரும்பும் ஃபோலேட்டும் குறைந்து பி12 நன்றாக இருந்தால் கோளாறு மேலே. பி12 மட்டும் குறைந்தால் கீழ்க்கோடி, இல்லை வயிற்றிலேயே பிரச்சினை, இல்லை அவர் சுத்த சைவம், இல்லை சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர். பி12 குறைவு, ஆனால் ஃபோலேட் அளவுக்கு மேல் அதிகம் என்று வந்தால் எனக்கு முதலில் பாக்டீரியா மீதுதான் சந்தேகம் வரும், ஏனென்றால் குடல் பாக்டீரியா பி12-ஐத் தின்றுவிட்டு ஃபோலேட்டைத் தயாரித்துத் தரும். இவற்றோடு அல்புமின், கால்சியம், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிடி-ஐஎன்ஆர் பார்த்தால் போதும். ஐஎன்ஆர் ஏறியிருந்து கல்லீரல் நன்றாக இருந்தால் வைட்டமின் கே சேரவில்லை என்று அர்த்தம், அதாவது கொழுப்பு சேரவில்லை. வைட்டமின் டி குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டெல்லியில் ஏசியிலிருந்து மெட்ரோ, மெட்ரோவிலிருந்து ஏசி என்று வாழ்கிற யாருக்கு எடுத்தாலும் குறைவாகத்தான் வருகிறது. அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் எந்த டாக்டராவது 'சத்து ஊசி' போட்டாரா? நியூரோபியான் போல ஒரு பி12 ஊசி போட்டுவிட்டு அடுத்த வாரம் பி12 பார்த்தால் ஆயிரத்துக்கு மேல்கூட வரும், அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அடுத்தது முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா? இந்த மாதிரி நோயாளிகளுக்கு முடி கொட்டும், கொட்டினால் யாராவது பயோட்டின் வாங்கிக் கொடுப்பார்கள். 10 மில்லிகிராம் பயோட்டின் சில லேப் மிஷின்களின் கணக்கையே குழப்பிவிடும். பி12 உண்மையைவிட அதிகமாகவும், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைராய்டு) எல்லாம் உண்மையைவிடக் குறைவாகவும் காட்டலாம். 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கையே விட்டது. மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். அப்புறம், பி12 குறைவு என்று சந்தேகம் இருக்கும்போது ஃபோலிக் ஆசிட்டை மட்டும் தனியாக ஆரம்பிக்காதீர்கள். ரத்தம் ஏறுவது போலத் தெரியும், நரம்புப் பாதிப்பு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கால் மரத்துப்போகிறது, நடை தடுமாறுகிறது என்றால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு டெஸ்ட் வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம்.

சரி, கோதுமைக்கு வருகிறேன். சீலியாக் நோய் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடம்பே கிளம்பிக் குடலுறிஞ்சிகளைச் சிதைப்பது. 'அது பஞ்சாபிகளுக்கு வர்றது, நமக்கெல்லாம் வராது' என்று நம் ஆட்கள் சொல்வதை ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலிலிருந்து கரோல் பாக் மெஸ் வரை கேட்டிருக்கிறேன், சில டாக்டர்களும் சொல்லியிருக்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியாவும், வேலூர் சிஎம்சியில் பல காலம் இருந்த பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் அதில் முக்கியமானவர்கள். வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. இதைப் பார்த்தால் நமக்கு வராது என்றுதான் தோன்றும். ஆனால் அதே ஆய்வில் இந்த நோய்க்கு வேண்டிய எச்எல்ஏ மரபணு எத்தனை பேரிடம் இருக்கிறது என்றும் பார்த்தார்கள். மூன்று பகுதியிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவரிடம் இருந்தது, தெற்கில் ஒன்றும் குறையவில்லை. பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம்.

உங்கள் கணவரின் கதை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஓடுகிறது. கும்பகோணத்தில் வளர்ந்தவரை மாதத்துக்கு நாலு ரவா உப்புமா, எப்போதாவது பரோட்டா. டெல்லியில் பத்து வருடமாக ஆபீஸ் கேன்டீனில் மதியம் ரொட்டி, ராத்திரி வீட்டில் சப்பாத்தி. மரபணு இருந்து, குளூட்டன் மட்டும் இல்லாமல் இருந்த ஒருவருக்கு அது கிடைக்க ஆரம்பித்திருக்கிறது. அவருக்கு சீலியாக்தான் என்று நான் சொல்லவில்லை, தமிழர் என்பதற்காக அந்த டெஸ்ட்டைத் தள்ளிவைக்கக் கூடாது என்கிறேன்.

டெஸ்ட்டின் பெயர் டிடிஜி-ஐஜிஏ, இந்த நோயில் உடம்பு தயாரிக்கும் ஐஜிஏ வகை ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) ரத்தத்தில் தேடுவது. அதோடு மொத்த ஐஜிஏ அளவும் பார்க்கச் சொல்லுங்கள், சீட்டில் இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ உற்பத்தி இருக்காது. அவர்களுக்கு டிடிஜி-ஐஜிஏ எப்போதும் 'நெகட்டிவ்' என்றுதான் வரும், நோய் முற்றியிருந்தாலும். அப்படியானால் ஐஜிஜி என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட் பார்க்க வேண்டும். இந்த ஆன்டிபாடிகள் உடம்பு குளூட்டனைச் சந்திக்கும்வரைதான் உயர்ந்திருக்கும். ஓரிரு நாள் சப்பாத்தி சாப்பிடாததால் ஒன்றும் ஆகாது, வாரக்கணக்கில் விட்டால் இறங்க ஆரம்பிக்கும், மாதக்கணக்கில் விட்டால் நார்மலே ஆகிவிடலாம், குடல் தோலும் ஆற ஆரம்பிக்கும். அப்புறம் நோய் உண்டா இல்லையா என்று பார்க்க, திரும்பவும் பல வாரம் கோதுமை கொடுத்து வேண்டுமென்றே குடலைக் கெடுக்க வேண்டும். ஒரு தடவை நிறுத்தி நிம்மதியானவர் அதற்குச் சம்மதிக்கவே மாட்டார். அதனால் ரத்தமும் பயாப்ஸியும் முடியும்வரை தினம் இரண்டு வேளை ஒன்றிரண்டு சப்பாத்தியாவது சாப்பிடட்டும். பிற்பாடு சீலியாக் என்று உறுதியானால் நிறுத்துவது பாதிப் பேர் நினைப்பதைவிடக் கஷ்டம்: ரவை, சேமியா, மைதா, தலியா எல்லாம் தெரிந்ததுதான். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், நிறைய கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் என்று நாள் முழுக்கப் பெருங்காயம் போடுகிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

எண்டோஸ்கோபி. இதற்குப் பயப்படாதீர்கள், பத்து நிமிட வேலை. ஆனால் போவதற்கு முன்பே 'டியோடினல் பயாப்ஸி எடுப்பார்களா?' என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கேமராவில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று சதை எடுக்காமல் வெளியே வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. குடலுறிஞ்சி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, தேய்ந்திருக்கிறதா என்று கண்ணால் எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது. டியோடினத்தின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நாலு துண்டு, ஆரம்பத்தில் இருக்கும் பல்ப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டு, இதுதான் சரியான அளவு. நோய் திட்டுத்திட்டாக இருக்கும், ஒரே ஒரு துண்டு எடுத்தால் அது கெடாத இடமாக அமைந்து நோய் தப்பிவிடலாம். பெத்தாலஜி ரிப்போர்ட்டில் மார்ஷ் என்று ஒரு வகைப்பாடு போட்டிருப்பார்கள். நல்ல குடலில் உறிஞ்சியின் உயரம் கீழே இருக்கும் குழியின் ஆழத்தைப் போல் மூன்று மடங்கு இருக்கும். மார்ஷ் 3 என்றால் அந்த உயரம் குறைந்து, 3சி-யில் தரைமட்டமாகிவிட்டது என்று அர்த்தம். மார்ஷ் 1 என்று மட்டும் போட்டிருந்தால் குதிக்காதீர்கள், உறிஞ்சி நன்றாக இருக்கிறது, வெள்ளணுக்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்கின்றன, அவ்வளவுதான். அதற்கு எச். பைலோரி என்ற இரைப்பைப் பாக்டீரியா, வலி மாத்திரை என்று நூறு காரணம் உண்டு.

முக்கியமான இடம் இதுதான்: உறிஞ்சி தேய்ந்திருப்பதெல்லாம் சீலியாக் இல்லை. டிடிஜி நெகட்டிவ், பயாப்ஸியில் தேய்வு என்று வந்தால், அதுவும் நம் ஊர்க்காரருக்கு வந்தால், டிராப்பிகல் ஸ்ப்ரூ என்ற பெயர் ஞாபகத்தில் இருக்கட்டும். இந்த நோயைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு வேலூருக்கு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் பேதியும் மெலிவுமாக இது கொள்ளைநோய் போலப் பரவியபோது, சிஎம்சியின் செல்வின் பேக்கரும் வி.ஐ.மாத்தனும் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். இன்று அப்படிக் கொள்ளையாக வருவதில்லை, ஆனால் தனித்தனியாக நாடு முழுக்க வந்துகொண்டுதான் இருக்கிறது. ஃபோலேட், பி12 இரண்டும் குறையும், கொழுப்பு, சர்க்கரை என்று சம்பந்தமில்லாத இரண்டு பொருளாவது உறிஞ்சப்படாது, வேறு காரணம் கிடைக்காது. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் ஆசிட்டும் பி12-உம் சில மாதம் கொடுத்தால் ஆள் தேறிவிடுவார், வாழ்நாள் முழுக்கக் கோதுமையை விட வேண்டிய தேவையில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள், டெஸ்ட் இல்லாமல் கோதுமையை நிறுத்தி, சரியாகாமல், இன்னும் ஆறு மாதம் கழித்து இங்கே வந்து நிற்பது எவ்வளவு பெரிய சுற்று!

இதே தேய்வு ஜியார்டியாவிலும் வரும், எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகளிலும் வரும். ஒரு மருந்தாலும் வரும்: பிரஷருக்குக் கொடுக்கும் ஓல்மெசார்ட்டான். 2012-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள், மாத்திரையை நிறுத்தியதும் பேதியும் நின்றது, குடலும் ஆறியது. உங்கள் கணவருக்கு 36-தான், ஆனால் பிரஷர் மாத்திரை ஏதாவது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அட்டையைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று படித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

மல டெஸ்ட்டுக்கு வருவோம், யாருக்கும் பிடிக்காத பகுதி. சாதாரண 'ஸ்டூல் ரொட்டீன்' ஒரு நாள் மட்டும் கொடுத்தால் ஜியார்டியா தப்பிவிடலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று தடவை கொடுங்கள், அல்லது ஜியார்டியா ஆன்டிஜென் கேளுங்கள். கொழுப்பு சேரவில்லையா என்று பார்க்க ஆதிகாலத்து முறை, 72 மணி நேர மலக் கொழுப்பு. தினம் 100 கிராம் கொழுப்பு, அதாவது நெய்யும் எண்ணெயும் சேர்த்து ஏழு பெரிய ஸ்பூன் கணக்கு, இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே சாப்பிட்டுவிட்டு, மூன்று நாள் மலம் முழுவதையும் டப்பாவில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். நாளைக்கு 7 கிராமுக்குள் கொழுப்பு வந்தால் நார்மல். புத்தகத்தில் இதுதான் தங்கத் தரம், நடைமுறையில் டெல்லி மே மாத வெயிலில் அந்த டப்பாவோடு ஆட்டோவில் வந்தவரை நான் பார்த்திருக்கிறேன், அதை ஆராய வேண்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், வேறு வழியிருந்தால் வேண்டாம். மேலும் பேதி அதிகமாக இருந்தாலே 7 கிராமைச் சற்றுத் தாண்டும், அதுவே நோய் ஆகாது. இப்போது பலரும் ஒரே ஒரு சாம்பிளில் சூடான் சாயம் போட்டுக் கொழுப்புத் துளி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னொன்று, மலம் மிதக்கிறது, அதனால் கொழுப்பு என்று பலர் முடிவு கட்டிக்கொள்கிறார்கள். மிதப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வாயு. வெளிறிப்போய், எண்ணெய்ப் பிசுக்கோடு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலும் கோப்பையில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றால்தான் கவனிக்க வேண்டியது.

கணையத்துக்கு ஃபீக்கல் எலாஸ்டேஸ் என்ற டெஸ்ட் வந்த பிறகு வாழ்க்கை எளிதாகிவிட்டது. கொஞ்சூண்டு மலம், ஒரே தடவை. ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் கணையம் வேலை செய்கிறது, 100-க்குக் கீழே என்றால் நிச்சயம் கோளாறு, நடுவில் இருந்தால் யோசிக்க வேண்டியது. கணைய என்சைம் கேப்ஸூல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, மனித எலாஸ்டேஸை மட்டும்தான் அது கணக்கெடுக்கும். ஒரே ஒரு பொறி: தண்ணீராகப் போகிற நாளில் சாம்பிள் கொடுத்தால் எலாஸ்டேஸ் நீர்த்துப்போய் 90, 120 என்று பொய்யாகக் குறைவு காட்டும். கொஞ்சமாவது கெட்டியாகப் போகிற நாளில் கொடுங்கள். கணையத்தைப் பற்றிப் பேசுகையில் ஒன்று சொல்லியாக வேண்டும்: குடிக்காத இளம் வயது ஆட்களுக்குக் கணையத்தில் கல் உருவாகி அது சுருங்கிப்போகும் ஒரு நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாகத் தெரிந்தது. பின்னால் சர்க்கரை நோயும் வரும். 'அவர் குடிப்பதே இல்லை, கணையம் எப்படிக் கெடும்?' என்று விட்டுவிடாமல் ஓர் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் சிடி பாருங்கள்.

டி-சைலோஸ் டெஸ்ட் உங்கள் பட்டியலில் இருக்கிறது, பழைய பள்ளி டாக்டர் போலிருக்கிறது, எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. சைலோஸ் என்பது கணையமோ பித்தமோ தேவையில்லாமல் நேராக உறிஞ்சப்படும் ஒரு சர்க்கரை. 25 கிராம் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு ஐந்து மணி நேரச் சிறுநீரைச் சேர்ப்பார்கள், சில இடங்களில் 5 கிராமே கொடுப்பார்கள், அதற்கு அளவுகோல் வேறு. 25 கிராமுக்கு 4 கிராமுக்குக் குறைவாக வந்தால் குடல் தோலில் கோளாறு. எலாஸ்டேஸ் நன்றாக இருந்து சைலோஸ் குறைந்தால் குடல், எலாஸ்டேஸ் குறைந்து சைலோஸ் நன்றாக இருந்தால் கணையம். அழகான தர்க்கம்தான். ஆனால் சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும், குடலில் பாக்டீரியா அதிகமிருந்தாலும், நடுவில் ஒரு தடவை சிறுநீரை டப்பாவில் பிடிக்க மறந்தாலும் குறைவாகத்தான் வரும். வேலூர்க்காரர்கள் இதையும் காட்டினார்கள்: நம் ஊரில் எந்த நோயும் இல்லாத கிராமத்து ஆட்களிலேயே கணிசமானவர்களுக்கு வெளிநாட்டு அளவுகோலைவிடச் சைலோஸ் குறைவாகவே உறிஞ்சப்பட்டது. பயாப்ஸி கிடைத்துவிட்டால் இந்த டெஸ்ட்டைத் தவிர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் தவிர்க்கலாம் என்பார்.

மூச்சு டெஸ்ட்டை அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள். குளூக்கோஸைக் குடிக்கவைத்துக் கால்மணிக்கு ஒரு தடவை ஊதச் சொல்வார்கள். மேலேயே உறிஞ்சப்பட வேண்டிய குளூக்கோஸை அங்கே குடியேறிய பாக்டீரியா நொதிக்கவைத்தால் ஹைட்ரஜன் வரும். 90 நிமிடத்துக்குள் ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் பாசிட்டிவ். கடந்த நாலு வாரத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் டெஸ்ட் வீண். பேதி என்றதும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற நார்ஃப்ளாக்ஸசின்-டினிடசோல் மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்தான், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். முந்தின நாள் பருப்பு, காய், பால், ரொட்டி வேண்டாம், வெறும் வெள்ளைச் சோறு, அசைவமானால் முட்டை. காலையில் பீடி, சிகரெட், சூயிங்கம், வாக்கிங் எதுவும் கூடாது.

லாக்டோஸ் மூச்சு டெஸ்ட்டும் பேக்கேஜில் தருகிறார்களாம். அது பாசிட்டிவ் வந்தால் 'கண்டுபிடிச்சாச்சு, பால்தான் காரணம்' என்று சந்தோஷப்படாதீர்கள். 1981-இல் டெல்லி எய்ம்ஸ் குழு வெளியிட்ட ஆய்விலேயே லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் வட இந்தியரில் சுமார் 27 சதவீதம், தென்னிந்தியரில் சுமார் 67 சதவீதம். நம்மில் மூன்றில் இருவருக்கு அது பாசிட்டிவ்தான். வயிறு உப்பும், பேதி ஆகும், ஆனால் ஹீமோகுளோபினை 8.8-க்கு இறக்காது, 9 கிலோ குறைக்காது.

ராத்திரியில் காய்ச்சல், வலது பக்கம் கீழ்வயிற்றில் வலி, மலத்தில் ரத்தம், இவற்றில் ஏதாவது இருந்தால் மேலே சொன்ன வரிசை மாறும். நம் நாட்டில் குடல் காசநோயை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும், சிறுகுடல் கோடிதான் அதற்குப் பிடித்த இடம், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயும் அங்கேயே வரும். கால்புரோடெக்டின் (மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் டெஸ்ட்), கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்ப்பது), சிடி என்டரோகிராபி (சிறுகுடலுக்கான சிடி ஸ்கேன்) என்று டாக்டர் அந்தப் பக்கம் போவார், போகட்டும்.

அந்த ஃபுல் பாடி பேக்கேஜ் வேண்டாம். உங்களுக்குத் தேவையான டிடிஜி, மொத்த ஐஜிஏ, எலாஸ்டேஸ் மூன்றும் அதில் பெரும்பாலும் இருக்காது, தேவையில்லாத அறுபது எண் இருக்கும், அதில் ஐந்தாறு சிவப்பில் வந்து தூக்கத்தைக் கெடுக்கும். இருநூறு வகை உணவுக்கு ஐஜிஜி பார்த்து எது ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிறோம் என்கிற டெஸ்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த ஐஜிஜி, நாம் அந்த உணவைச் சாப்பிடுகிறோம் என்பதைத்தான் காட்டும், நோயை இல்லை.

வேலூருக்கே போய்விடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் இங்கேயும் எய்ம்ஸ், ஜி.பி.பந்த் இரண்டிலும் நல்ல குடல்நோய்ப் பிரிவு உண்டு, வரிசைதான் நீளம். முதல் சுற்று ரத்தத்தை இந்த வாரமே இங்கேயே கொடுத்துவிடுங்கள், டிக்கெட் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். எண்டோஸ்கோபி இங்கே செய்தால், போகும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு பயாப்ஸியின் கண்ணாடி ஸ்லைடையும், சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் லேபில் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். ஸ்லைடை அங்கே இன்னொரு பெத்தாலஜிஸ்ட் திரும்பப் பார்க்கலாம், பிளாக் இருந்தால் புதிதாகவே வெட்டிப் பார்க்கலாம், இன்னொரு தடவை குழாய் விட வேண்டியிருக்காது. பிளாக்கைச் சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பையில் வையுங்கள், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தால் மெழுகு இளகிவிடும்.